மூன்றாம் கீறல்

கூடத்துச் சுவர்க்கடிகாரம் அன்று ஓடிக்கொண்டிருக்கவில்லை. அதன் ஊசல் ஒரு துணியின்மேல் கிடந்தது. பல்சக்கரங்கள் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தன. வெறும் மரக்கூடு சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் வாயைத் திறந்தபடி மல்லாந்திருந்தது. காலையில் அதைத் தம் கையாலேயே பிரித்துப் போட்டவர் அவர். ஆகையால், பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கடிகாரத்தின் ஓசை கூடத்தில் எழுந்தபோது, கண்ணில் பொருத்திய பூதக்கண்ணாடியை எடுக்காமலேயே சற்று நேரம் அதை இயல்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் அவருடைய கை நின்றது.

வேறு கடிகாரமாக இருக்க வழியில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்த்தே பிழைப்பவருக்குத் தம் வீட்டுக் கடிகாரத்தின் நடை தெரியாமற்போகுமா? ஓர் அடி நீளம், ஓர் அடி குட்டை; பிறந்ததிலிருந்தே நொண்டி. ஊரார் கடிகாரங்களையெல்லாம் நேராக நடக்கவைத்தவர் இதை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார். மனைவி விட்டுவிடச் சொன்னதே காரணம். "அது நொண்டிக்கிட்டே இருக்கட்டும். நேரா நடந்தா வேற யார் வீட்டுலயோ படுத்திருக்கற மாதிரி இருக்கும்" என்று அவள் எப்போதோ சொன்னாள். அவள் மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பாளர். நாள் முழுதும் முகம் தெரியாதவர்களுக்குக் குரலை வழங்கிவிட்டு, வீட்டில் அளந்து பேசுபவள். அந்தக் குரலைத் தொலைபேசியில் கேட்டுத்தான் அவர் அவளைத் தேடிக்கொண்டு போய் மணந்தார்.

ஓசை ஒலிபெருக்கியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பெயர்ச்சீட்டு ஒட்டாத அந்தக் கறுப்பு இசைத்தட்டு, சற்றுமுன் அவர் வைத்தது, சுழன்றுகொண்டிருந்தது.

முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் கிடைத்த தட்டு அது. அவ்வீட்டுப் பெரியவர் தம் வாழ்நாள் முழுதும் இசைத்தட்டுச் சேர்த்துவிட்டு இறந்துபோனார். அவருடைய மருமகன், அட்டைப்பெட்டிகளைக் கூடத்தில் பரப்பி, எது போனாலும் சரி என்ற முகத்தோடு விற்றுக்கொண்டிருந்தார். பெட்டியின் அடியில், உறையைச் செல்லரித்துவிட்ட இந்தத் தட்டு மட்டும் ஒரு துளித் தூசியின்றிப் பளபளத்தது. ஒரு பக்கம் வெறுமை. மறுபக்கத்தில் வரிப்பள்ளங்களின்மேல் மூன்று கீறல்கள்: வெளி விளிம்பருகே ஒன்று, நடுவில் ஒன்று, உட்புறத்தில் ஒன்று. கைதவறி விழுந்த கீறல்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஊசியை மேலே போகவிடாமல், வந்த வழியே தள்ளிவிடும்படி சாய்த்து, அழுத்தி, நிதானமாகப் போடப்பட்டிருந்தது. "அது ஓடாதுங்க. சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்றார் மருமகன். ஓடாது என்ற சொல்லைக் கேட்டால் கடிகாரக்காரருக்குக் கை அரிக்கும்.

இசைத்தட்டுச் சேர்ப்பவர்களைப் பற்றி உலகம் என்ன நினைக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய தம்பியே அதற்குச் சான்று. வரும்போதெல்லாம் காதில் எதையாவது செருகிக்கொண்டு வந்து, அலமாரிகளைச் சுற்றிப் பார்த்து, "அண்ணா, என் போன்ல பத்துக் கோடி பாட்டு இருக்கு, சட்டைப்பையில அடங்கிடுது. நீ பத்துப் பாட்டுக்கு ஒரு தச்சனைக் கூப்பிடறே" என்பான். அதில் ஒன்றையாவது முழுதாகக் கேட்டிருக்கிறாயா என்று இவர் கேட்டால், தம்பி விரலால் அடுத்த பாட்டுக்குத் தள்ளுவான். கேட்பது என்ற வினையையே இக்காலத்தார் கொன்றுவிட்டனர் என்பது அவருடைய ஆறாத சினம். பிடிக்கவில்லையென்றால் விரலால் தள்ளுவது, பிடித்தாலும் பாதியில் தள்ளுவது. பந்தியில் உட்கார்ந்து ஒவ்வோர் இலையிலும் ஒரு வாய் உண்டுவிட்டு எழுவதைப் போன்றது அந்தக் கேட்டல். இசைத்தட்டு அப்படியன்று. அதற்கு எடை உண்டு. கையைக் கழுவிவிட்டுத் தொடவேண்டும். ஊசியை வைத்தபின் உட்காரவேண்டும். அவரும் நண்பர்கள் நால்வரும் கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஒரு விதிதான்: வைத்த ஊசியை ஒரு பக்கம் முடியும்வரை யாரும் தூக்கக்கூடாது. தட்டு எவ்வளவு மோசமானதாயினும் சரி. ஒருமுறை ஒருவருக்கு வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தபோதுகூட, அவர் செருப்பை மாட்டியபடி வாசலில் நின்று கடைசி வரியைக் கேட்டுவிட்டே போனார்.

ஆகவே, முதற்கீறலைச் சரிசெய்ய இரண்டு மாலைகளைச் செலவிட்டார். பூதக்கண்ணாடியின் கீழே, பல்குச்சியின் நுனியால், மயிரிழைப் பள்ளத்தில் நொறுங்கிக் கிடந்த கரையை ஒவ்வொரு வரியாக நிமிர்த்திவைத்தார். இதோ, ஊசி கீறலைத் தாண்டிவிட்டது. தாண்டியதும் கேட்டது, மேசையில் பிரிந்து கிடக்கும் கடிகாரத்தின் நொண்டி நடை.

அதைத் தொடர்ந்து எங்கோ ஒரு பாத்திரத்தின் மூடி விழுந்தது, சுழன்றது, சுழற்சி தாழத் தாழ ஓசை விரைந்து, தரையோடு படபடத்து அடங்கியது. ஒரு பெண்குரல், "போச்சு" என்றது. அவர் மனைவியின் குரல். பிறகு ஊசி இரண்டாம் கீறலில் மோதித் திரும்பியது. மீண்டும் மூடி விழுந்தது.

மறுநாள் கடிகாரத்தைப் பூட்டிச் சுவரில் மாட்டினார். மாலை ஐந்து மணிக்குச் சமையலறையில் மூடி விழுந்தது. அதே சுழற்சி, அதே படபடப்பு. "போச்சு" என்றாள் மனைவி. அவர் தம் மணிக்கட்டைப் பார்த்தார். இருபத்தாறு மணி நேரம்.

அப்போதே அஞ்சியிருக்க வேண்டும். அவர் அஞ்சவில்லை, அதுதான் சேகரிப்பவர்களுக்கே உரிய கேடு. உலகில் வேறெவரிடமும் இல்லாத ஒன்று தம்மிடம் இருக்கிறது என்பதே அவருக்கு முதலில் தோன்றிய எண்ணம். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களிடம்கூட அதைச் சொல்லாமல் மறைத்தார். குறை என்றால் நீக்கப்படவேண்டியது என்றே பழகிய கண்ணுக்கு, ஒருவன் ஒரு குறையை வேண்டுமென்றே, வேலியைப் போல, இட்டுவைத்திருக்கக்கூடும் என்பது தெரியவில்லை.

இரண்டாம் கீறல் மூன்று நாள் வேலை வாங்கியது. கடைக்கு விடுமுறையான ஒரு முற்பகலில், பதினொரு மணிக்கு, ஊசியை வைத்தார்.

கடிகாரம். மூடி. "போச்சு." அப்பால், துணி உதறும் ஓசை, மடிக்கும்போது அவள் தன்னையறியாமல் மூக்கால் இழுக்கும் முணுமுணுப்பு. பிறகு, வீட்டின் பின்புறத்திலிருந்து, தாழ்ப்பாள் நகரும் சீறல். கதவு. கொல்லைப்புறத்துக் குறுகிய நடையில் காலடி. செருப்பில்லாத கால், ஈரக்கால், தரையில் ஒட்டி ஒட்டி விடுபடும் கால். அவசரமே இல்லை. ஒன்று, இரண்டு என்று அவர் எண்ணிக்கொண்டே போனார். பதினொன்றாம் அடியில் மூன்றாம் கீறல் ஊசியைத் தள்ளியது. மீண்டும் முதலடி.

அவர் எழுந்துபோய்ப் பின்கதவைப் பார்த்தார். தாழிட்டே இருந்தது. பூட்டும் போட்டார். நடையின் நீளத்தைக் காலால் அளந்தார். கதவிலிருந்து கூடத்தின் நிலைப்படிவரை, அவர் அடிக்குப் பதினொன்று.

மனைவி துணிக்குவியலோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் கேட்டதிலிருந்து நாற்பதாம் நிமிடத்தில், பூட்டிய கதவின் தாழ்ப்பாள் சீறியது. ஒன்று, இரண்டு. அவளுக்குக் கேட்கவில்லை, ஆயினும் ஆறாம் அடியில் அவள் முணுமுணுப்பு ஒரு கணம் அறுந்தது, பிறகு தொடர்ந்தது. ஒன்பது. பத்து. பதினொன்றாம் அடி நிலைப்படியில் விழுந்தது. அங்கே ஒன்றும் இல்லை. நெடுநாள் பூட்டிவைத்த அலமாரியைத் திறந்தாற்போன்ற ஒரு புழுக்க வாடை மட்டும் கூடத்துக்குள் வந்தது.

அவர் காத்திருந்தார். தட்டில் திரும்பிய காலடி, வீட்டில் திரும்பவில்லை.

அன்றிலிருந்து மூன்று நாள் அவர் ஒன்றையே கவனித்தார். மனைவி கூடத்திலிருந்து நடைக்குள் போகும்போதெல்லாம் நிலைப்படியில் தோளை ஒருக்களித்துக்கொண்டாள். கையில் வாளி இருந்தாலும், தட்டு இருந்தாலும், பேசிக்கொண்டே போனாலும், அந்த ஓரிடத்தில் உடம்பைச் சாய்த்து நுழைந்து, அப்பால் நிமிர்ந்தாள். நெரிசலான பேருந்தில், வழியில் நிற்பவரை இடிக்காமல் கடப்பதுபோல. அவள் அப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது. கேட்டபோது, "நான் எங்கே சாயறேன்? உங்களுக்குக் கண்ணு போயிடுச்சு. பூதக்கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க" என்றாள். மூன்றாம் நாள் கடக்கும்போது, அவள் தலைமயிரில் ஒரு கற்றை, காற்றே இல்லாதபோது, யாருடைய மூச்சோ பட்டாற்போல் அசைந்தது.

தட்டை உடைத்துவிடலாம் என்று சுத்தியலை எடுத்தவர், ஏனோ முதலில் அந்த மருமகனைத் தொலைபேசியில் அழைத்தார். மருமகன் முதலில் மழுப்பினார். பிறகு, மாமனாருடைய கூடத்து ஓசைகளும் ஒருகாலத்தில் அதில் கேட்டன என்றும், கீறல்கள் மாமனாரே தம் கையால் இட்டவை என்றும் ஒப்புக்கொண்டார். கூடம் மாறினால் தட்டும் மாறிவிடும் போலும்.

"உடைக்க மட்டும் வேண்டாங்க" என்றார் மருமகன். "மாமாவும் சுத்தியலை எடுத்தாரு. விளிம்புலதான் லேசா பட்டுச்சு. அதே நேரத்துல அத்தைக்கு, உட்கார்ந்த இடத்துலயே, தோள் எலும்பு விட்டுப்போச்சு."

மூன்றாம் கீறலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கடிகாரக்காரர் கேட்டார்.

"அது தெரியக்கூடாதுன்னுதானே கீறினாரு. நீங்க எதையும் சரிபண்ணலையே?"

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அன்று மாலை முழுதும், சீர்செய்த இரண்டு கீறல்களையும் மீண்டும் கீறிவிடலாமா என்று பூதக்கண்ணாடியின் கீழே தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். அதனால் பயன் என்ன? வந்தது வந்தாயிற்று, நிலைப்படியில் நிற்கிறது. வேலி போடவேண்டிய காலம் கடந்துவிட்டது. கீறலை நீக்கினால் அது கூடத்துக்குள் வரும், உண்மை. ஆனால் வருகிற காலடிக்குப் போகிற காலடியும் இருக்கவேண்டும் அல்லவா? தட்டின் இறுதிவரியில் அது வாசற்கதவு வழியாக வெளியேறவும் கூடும். பக்கம் முடியட்டும். எதையும் முடிவுவரை கேட்டால்தான் தெரியும். இப்படி அவர் தமக்குத் தாமே கூறிக்கொண்டார். அப்படிக் கூறியது அச்சமா, ஆசையா என்பதை அவர் ஆராயவில்லை.

ஆனால் அப்போது மனைவி வீட்டில் இருக்கக்கூடாது. அக்காள் வீட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வரும்படி வற்புறுத்தினார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்னை அனுப்பிட்டுப் பெட்டி பெட்டியா ரெக்கார்டு வாங்கப் போறீங்க. எனக்குத் தெரியாதா? வாங்கறதை அலமாரிக்குள்ள அடங்கற மாதிரி வாங்குங்க" என்றாள். புறப்படும்போது, நடைக்குள் மறந்துவைத்த குடையை எடுத்துவரப் போனாள். தோளைச் சாய்த்து நுழைந்தாள். தோளைச் சாய்த்து வந்தாள்.

அவள் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, வாசற்கதவைப் பூட்டினார். மூன்றாம் கீறலின் கடைசி வரியை நிமிர்த்த ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே நடுப்பகல் வெயில் சன்னலில் வெள்ளையாக நின்றது. தெருவில் யாரோ இருசக்கர வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டை வைத்தார். ஊசியை இறக்கினார். எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, நிலைப்படியைப் பார்த்தார்.

கடிகாரம். மூடி. "போச்சு." முணுமுணுப்பு. தாழ்ப்பாள். பதினோர் அடிகள்.

ஊசி தாண்டியது.

முதலில் கடிகாரம் மட்டும். சுவரிலிருந்ததும் தட்டிலிருந்ததும் வெவ்வேறாக நொண்டின. பிறகு, மெல்ல மெல்ல, ஒன்றோடொன்று கால் மாற்றிக்கொண்டு, ஒரே நடையாயின. அவர் மணிக்கட்டைப் பார்த்தார். பார்க்கவேண்டிய தேவையே இல்லை. இடைவெளி தீர்ந்துவிட்டது.

தெருவில் வண்டியின் ஓசை நின்றுபோயிருந்தது. தட்டில் வண்டி இல்லை.

ஒலிபெருக்கியில் ஒரு சாவி திரும்பியது. வாசற்கதவிலும்.

அவள் உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது. கைப்பையை மேசையில் வைத்தாள். நாற்காலியை இழுத்து, நிலைப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒவ்வோர் ஓசையும் இரண்டு இடங்களிலிருந்து வந்தது.

"பஸ் வரவே இல்லைங்க" என்றாள். என்றது ஒலிபெருக்கியும். "ஒரு மணி நேரமா வெயில்ல நின்னேன்."

எழுந்திரு, வெளியே போ என்று கத்த அவர் வாயைத் திறந்தார். நாக்கு அசைந்தது, குரல் வரவில்லை. தட்டில் அவர் குரல் இல்லை. பாய்ந்து அவள் கையைப் பற்றி இழுத்தார். நாற்காலி நகரவில்லை. கை, சுவரில் பதித்த கல்லைப் போல் இருந்தது. தட்டில் இல்லாத எந்த ஓசைக்கும் அந்தக் கூடத்தில் இடமில்லை.

அவளுக்குப் பின்னால், நிலைப்படிக்கு இப்பால், ஈரக்கால் தரையில் ஒட்டியது. விடுபட்டது.

ஒன்று.

அவர் கருவியிடம் ஓடினார். வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு பக்கம் முடியுமுன் ஊசியைத் தூக்கினார்.

கடிகாரம் நின்றது. காலடி நின்றது. அவளும் உறைந்தாள். பாதி திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. மார்பு ஏறவில்லை. நெற்றி வியர்வை வழியவில்லை. அவர் எண்ணினார், இருபது, முப்பது. அவள் உதடுகளில் நீலம் படர்ந்தது.

ஊசியை இறக்கினார். மூச்சு வந்தது. கடிகாரம் நொண்டியது.

இரண்டு. மூன்று.

வாடை. அவளுடைய நாற்காலியின் முதுகுச்சட்டம், யாரோ கைவைத்துச் சாய்ந்தாற்போல், மெல்ல முனகியது. அவள் சேலைத் தலைப்பு தோளில் அழுந்தியது. ஐந்து விரல்களாக.

"கொஞ்சம் தண்ணி—" என்றாள் அவள், சிரித்தபடி.

மேசையில் திருப்புளி இருந்தது. அதை எடுத்தார். சுழலும் தட்டில், ஊசிக்கு முன்னால் எஞ்சியிருந்த வரிகளின்மேல், சாய்த்து, அழுத்தி, ஒரே இழுப்பு.

ஊசி மோதியது. பின்னே தள்ளப்பட்டது.

"கொஞ்சம் தண்ணி—"

விரல்கள் அவள் தோளிலிருந்து எடுபட்டன. மீண்டும் அழுந்தின.

"கொஞ்சம் தண்ணி—"

ஒரு சுற்று. ஒன்றே முக்கால் நொடிக்குச் சற்று மேலே. நாற்காலி முனகுகிறது, விரல்கள் அழுந்துகின்றன, அவள் சிரிக்கிறாள், கை கழுத்து வியர்வையைத் துடைக்க எழுகிறது, பாதியில் மறைந்து, மடியிலிருந்து மறுபடியும் எழுகிறது. கீறல் தாங்குகிறது. இதற்கு மேல் அது வராது. தட்டு சுழலும்வரை அவள் சாகமாட்டாள். அவர் திருப்புளியைக் கையில் பிடித்தபடி, சுவரில் சாய்ந்து, சுற்றுகளை எண்ணத் தொடங்கினார். நூறு. இருநூறு. சன்னல் வெயில் தரையில் நகரவில்லை.

முந்நூறாம் சுற்றில்தான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

உதடு திரும்பியது. கை திரும்பியது. சிரிப்பு திரும்பியது. கண்கள் திரும்பவில்லை.

அவை அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனையாவது சுற்றிலிருந்து என்று தெரியவில்லை. அவர் இடப்புறம் நகர்ந்தார், அவையும் நகர்ந்தன. பிறகு, தலை அசையாமல், அவை மெல்ல அவள் தோளை நோக்கி, அங்கே அழுந்தும் விரல்களை நோக்கித் தாழ்ந்தன, மீண்டும் அவரிடம் வந்தன, கருவியிடம் போயின, அவரிடம் வந்தன. தூக்கச் சொல்கின்றனவா, தூக்கவேண்டாம் என்கின்றனவா?

"கொஞ்சம் தண்ணி—" என்று இனிமையாகக் கேட்டாள் அவர் மனைவி. அவள் கண்ணிலிருந்து ஒரு துளி விடுபட்டு, சிரிக்கும் கன்னத்தின் வழியே இறங்கியது. அடுத்த சுற்றில் அது பின்வாங்கவில்லை. அதற்கடுத்த சுற்றில் இன்னும் சற்றுக் கீழே இறங்கியது.